பழைய மடிக்கணினி வாங்குவோருக்கு எண்ணும் எழுத்தும்

குறுவைக்கு விதைநெல் வாங்க வருகிற தஞ்சைக் குடியானவர் எவரும் விதைக்கடையில் நின்றுகொண்டு, 'ஏ.டி.டி. நெல் ஒரு மூட்டை கொடுங்கள்' என்று மொட்டையாகக் கேட்பதில்லை. ஏ.டி.டி. என்பது 1922-இல் ஆடுதுறையில் ஸ்தாபிக்கப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முத்திரையேயன்றி நெல்லின் குணத்தைச் சொல்வதன்று என்பதும், அதன் பின்னால் வருகிற 43 என்ற எண்தான் ஏறக்குறைய 110 நாளில் அறுப்புக்கு வந்துவிடும் சன்ன ரகம் என்ற விஷயத்தைத் தெரிவிக்கிறது என்பதும், சி.ஆர். 1009 என்றால் ஐந்து மாதத்துக்குமேல் வயலிலே நிற்கக்கூடிய சம்பாப் பயிர் என்பதும் அவருக்கு மனப்பாடம். இத்தனை விவேகமுள்ள அதே மனிதர், பிள்ளைக்கு இன்ஜினீயரிங் காலேஜில் இடம் கிடைத்து, புது மடிக்கணினிக்குக் கையில் பணம் போதாமல், பிறர் உபயோகித்த யந்திரம் ஒன்றை வாங்கப் புறப்படும்போது, விசைப்பலகைக்கு அருகே 'ஐ7' என்று ஒட்டியிருக்கும் சிறு சீட்டைக் கண்ட மாத்திரத்திலேயே திருப்தியடைந்து பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதைப் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். என் தமக்கை மகனுக்காக வாங்கப்போய் நானும் ஒருமுறை அவ்விதமே ஏமாந்ததுண்டு. இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

ஐ7 என்பது இன்டெல் கம்பெனியார் தம்முடைய பிராசசர்களில் உயர்தரமானவை என்று வகுத்த வரிசைக்கு இட்ட பெயர், நெல்லுக்கு ஏ.டி.டி. எப்படியோ அப்படி. அதற்குப் பின்வரும் நான்கு இலக்க எண்ணில் முதல் இலக்கம் தலைமுறையைச் சொல்லும்; கடைசியில் நிற்கும் ஆங்கில எழுத்தோ அந்தப் பிராசசர் எந்த வேலைக்காகப் பிறந்தது என்பதையே சொல்லிவிடும். 2013-இல் வெளிவந்த ஐ7-4500யு, ஐ7-4700எம்.கியூ. ஆகிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் பிரத்தியட்சமாகும். இரண்டும் நான்காம் தலைமுறை; இரண்டின் சீட்டிலும் ஐ7 என்றே இருக்கும். ஆயினும் முன்னது 15 வாட் மின்சாரத்துக்குள் அடங்கி இரண்டு கோர்களோடு, அதாவது கணக்கிடும் இரண்டு உள்ளுறுப்புகளோடு, வேலை செய்வது. பின்னது 47 வாட் வரையில் எடுத்துக்கொண்டு நான்கு கோர்களோடு உழைப்பது. தமக்கை மகனுக்கு நான் வாங்கிக் கொடுத்தது முன்னது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் அது போதும். அவன் படித்ததோ முப்பரிமாண வரைபடங்கள் நிறைந்த மெக்கானிக்கல் படிப்பு.

ஆகையால், பழைய யந்திரங்களில் பலமுள்ளதைத் தேடுகிறவர் கியூ.எம்., எம்.கியூ., எச்.கியூ., எச் என்ற எழுத்துகளைத் தேடவேண்டும். வெறும் எம் என்று முடிந்தால் அது இரண்டு கோர்தான். ஐ7-3520எம் அதற்கு உதாரணம். யு என்று முடிவதும் ஏழாம் தலைமுறை வரையில் இரண்டு கோர்தான். 2017 ஆகஸ்டில் வந்த எட்டாம் தலைமுறையில்தான் யு வரிசைக்கு நான்கு கோர் கிடைத்தது. இந்த ஒரு தேதியை மட்டும் வாங்குவோர் மறக்காதிருப்பார்களானால் பாதி நஷ்டம் தவிரும்.

இனித் தலைமுறைகளின் தாரதம்மியத்தைப் பார்ப்போம். 2011-இல் 2630கியூ.எம்., 2012-இல் 3630கியூ.எம்., 2013-இல் 4700எம்.கியூ., 2015-இல் 6700எச்.கியூ., 2017 ஜனவரியில் 7700எச்.கியூ. என்று வரிசையாக வந்த இவை யாவும் நான்கு கோர், எட்டு த்ரெட் (ஒரே சமயத்தில் நடத்தக்கூடிய வேலைச் சரடுகள்), 45 வாட் அல்லது அதையொட்டிய அளவு என்ற ஒரே வரம்புக்குள் நின்றவை. உச்ச வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 3.8-இல் முடிந்தது, ஆறு வருஷத்தில் ஏறிய ஏற்றம் அவ்வளவே. ஆறு கோரும் பன்னிரண்டு த்ரெட்டும் கொண்ட 8750எச் 2018 ஏப்ரலில் வந்தபோதுதான் உண்மையான தாவல் நிகழ்ந்தது. எனவே நான்காம் தலைமுறைக்கும் ஆறாம் தலைமுறைக்கும் இடையே வேகத்தை மாத்திரம் கருதி அதிக விலை கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை என்பது என் அபிப்பிராயம். வேறு காரணங்கள் இருந்தால் கொடுக்கலாம்: ஆறாவது முதல் டி.டி.ஆர்.4 ராம் பரவலாயிற்று, அதை இன்றும் சுலபமாக வாங்கி அதிகப்படுத்தலாம். ஏழாவது முதல், இக்காலத்துக் கைபேசிகள் எடுக்கிற 10 பிட் எச்.இ.வி.சி. வீடியோவைப் பிராசசருக்குள்ளேயே அமைந்த தனி உறுப்பு சிரமமின்றி ஓட்டும்.

எட்டாவதற்கு வேறொரு மகிமையும் உண்டு. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி அனுமதிப்பது, சொற்ப விலக்குகள் நீங்கலாக, இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல்தான். விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொதுவான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லினக்ஸில் பழகச் சித்தமாயிருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. அவர் நான்காம் தலைமுறை யந்திரத்தை நல்ல விலைக்குப் பேரம் பேசி வாங்கலாம்.

நம்முடைய பிரதேசத்துக்கே உரிய கஷ்டம் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 45 வாட் பிராசசர் இடைவிடாமல் உழைக்கும்போது அதன் உஷ்ணம் நூறு டிகிரி செல்சியஸை நெருங்கிவிடும். அந்த எல்லையைத் தொட்டதும், எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்வதற்காக அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேட்டூரில் நீர்மட்டம் தாழ்ந்த வருஷங்களில் முறைவைத்துத் தண்ணீர் விடும்போது வாய்க்கால் இருந்தும் கடைமடைக்குப் பாய்ச்சல் இல்லாது போவதைப்போல, அப்போது நான்கு கோர் இருந்தும் பயன் சுருங்கிவிடும். தை, மாசியில் சம்பா அறுப்பு நடக்கும்போது வயலோரத்து வீடுகளில் படியும் வைக்கோல் தூசு விசிறியின் கண்களை அடைத்துவிட, சித்திரைக் கத்திரி வெயிலும் சேர்ந்துகொண்டால், காகிதத்தில் 3.5 என்று எழுதியிருக்கிற வேகம் கையில் 2-க்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. வருஷத்துக்கு ஒருமுறை திறந்து தூசு தட்டி, காய்ந்துபோன வெப்பப் பசையை வழித்துப் புதிதாகத் தடவிக்கொண்டால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் அந்தப் பராமரிப்புக்கு மனமில்லாதவர் பழைய எச்.கியூ. யந்திரங்களின் பக்கம் போகாதிருப்பதே நல்லது.

மின்சாரமும் யோசிக்கவேண்டிய விஷயமே. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையேறியபின் எத்தனையோ கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட வேளைகளில் 65 வாட் சார்ஜரோடு வரும் யு வரிசை யந்திரத்தை வீட்டு இன்வெர்ட்டரில் வைத்து வேலையை நடத்தலாம். பெரும்பாலும் 120 வாட்டுக்கு மேற்பட்ட அடாப்டரைக் கேட்கிற பலசாலி யந்திரமோ, பல வருஷம் உழைத்துத் தளர்ந்த பேட்டரியோடு சீக்கிரமே ஓய்ந்துவிடும்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்து எதை வாங்குவது? புரோகிராம் எழுதப் பழகும் மாணவருக்கும், நெல் மண்டியில் டாலி கணக்கு வைப்பவருக்கும் ஐ5-8250யு போதுமென்று தயங்காமல் சொல்வேன். பேர் ஐ5 ஆயினும், நான்கு கோர் கொண்ட இது, குறுகிய நேர வேலைகளில் பழைய ஐ7-4700எம்.கியூ.வுக்கு ஏறக்குறைய சமமாக நிற்கிறது. அதுவும் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில். நெடுநேர வேலைகளில் மட்டும் இது பின்தங்கும். முப்பரிமாணப் படம் வரையும் மாணவர், தனி கிராபிக்ஸ் கார்டோடு 7700எச்.கியூ. கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் முகூர்த்த மாதங்களில் இரவெல்லாம் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு நான்கு கோர் போதாது. 8750எச், அல்லது 2020-இல் வந்த ஏ.எம்.டி.யின் ரைசன் 5 4600எச், ரைசன் 7 4800எச் ஆகியவற்றைத்தான் தேடவேண்டும். 7 நானோமீட்டரில் செய்யப்பட்ட இந்த இரண்டும் சற்றே விலை கூடினாலும் எட்டாம் தலைமுறையைவிடக் குறைந்த மின்சாரத்தில் அதிக வேலை செய்பவை. அதே ஏ.எம்.டி.யின் 2017-க்கு முந்திய ஏ10, எஃப்.எக்ஸ். வரிசைகளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைக்குப் போகிறவர் காலையின் குளிர்ச்சியில் போகாமல் மத்தியானம் இரண்டு மணி சுமாருக்குப் போவது உசிதம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசசரின் முழுப் பெயரையும் கோர்களின் எண்ணிக்கையையும் கண்ணால் பார்த்துக்கொண்டபின், பெரிய வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றும்படி விட்டு, இருபது நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்திருங்கள். உதாரணமாக, 6700எச்.கியூ.வுக்கு அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ்; இருபதாவது நிமிஷத்தில் திரையில் தெரியும் எண் அதற்குக் கீழே போயிருந்தால், யந்திரத்தைத் திறந்து பசை மாற்றித் தரச்சொல்லிக் கேட்டு, மறுநாள் மத்தியானம் மறுபடியும் அதே இருபது நிமிஷம் ஓட்டிப் பாருங்கள்.