ஹேஷ் டேக்: உங்கள் பொருளுக்கு ஒரு முகவரி

கீ போர்டில் ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு 3 என்ற எண்ணுக்கான கீயைத் தட்டுங்கள். # என்ற அடையாளம் கிடைக்கும். இதனை அடுத்து இடைவெளி விடாமல் ஒரு சொல்லை அமைத்தால் அதுதான் ஹேஷ் டேக். சிறு தொழில் செய்யும் வாசகர்கள் சிலர், தங்கள் பொருட்களை இன்ஸ்டாகிராம், பேஸ்புக் தளங்களில் அறிமுகப்படுத்த இதனை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டிருந்தனர்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெஸ்ஸினா என்ற அமெரிக்கர், ட்விட்டரில் ஒரே பொருள் குறித்த செய்திகளைத் திரட்ட # அடையாளத்தைப் பயன்படுத்தலாமே என்று யோசனை சொன்னார். 2009ல் ட்விட்டர் (2023 முதல் இதன் பெயர் எக்ஸ்) இதனை கிளிக் செய்யக் கூடிய லிங்க் ஆக மாற்றியது. 2011ல் இன்ஸ்டாகிராமும் 2013ல் பேஸ்புக்கும் இதனை ஏற்றுக் கொண்டன. மெஸ்ஸினா இதற்குக் காப்புரிமை எதுவும் பெறவில்லை. அதனால்தான் எல்லா தளங்களிலும் இது பரவியது.

அமைப்பதில் சில விதிகள் உண்டு. இடைவெளி வந்தால் டேக் அங்கேயே முடிந்துவிடும். #மாங்காய் ஊறுகாய் என எழுதினால் மாங்காய் மட்டுமே டேக் ஆகும். ஊறுகாய் வெளியே நின்றுவிடும். சிறு கோடு, கமா போன்றவையும் டேக்கை முறித்துவிடும். அடிக்கோடு மட்டும் பரவாயில்லை. எக்ஸ் தளத்தில் வெறும் எண்கள் டேக் ஆகாது. ஆங்கிலத்தில் அமைப்பதாக இருந்தால், ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் கேபிடல் லெட்டராக டைப் செய்திடுங்கள். தேடலில் இதனால் மாற்றம் இல்லை, படிக்க எளிது.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருவோம். எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது?

2012 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் ட்விட்டரில் பணம் செலுத்தி ஒரு விளம்பரம் செய்தது. தனக்குக் காய்கறி, இறைச்சி தரும் விவசாயிகளைச் சந்தியுங்கள் என்ற பொருளில் முதலில் ஒரு டேக். அதில் சிக்கல் எதுவும் இல்லை. அதே நாளில் #மெக்டிஸ்டோரீஸ் என்று மாற்றினார்கள். உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்பது போல அது அமைந்துவிட்டது. மக்களும் சொன்னார்கள்! சாப்பிட்டு வயிறு கெட்ட கதை, கடையில் வேலை பார்த்த கசப்பான கதை எனக் குவிந்தன. சுமார் இரண்டு மணி நேரத்தில் விளம்பரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. முதல் டேக் பேச்சை ஒரு வட்டத்திற்குள் வைத்திருந்தது. இரண்டாவது டேக் கதவை முழுவதுமாகத் திறந்துவிட்டது. நீங்கள் உருவாக்கினாலும் டேக் உங்கள் சொத்து அல்ல. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம்.

பிறர் உருவாக்கிய டேக் என்றால் இன்னும் கவனம் தேவை. 2014 செப்டம்பரில், அடிக்கும் துணைவருடன் ஏன் வாழ்ந்தோம் என்று பெண்கள் தங்கள் வேதனையை ஒரு டேக்கில் எழுதி வந்தனர். டிஜியோர்னோ என்ற பீட்சா நிறுவனம், அது பரவி வருவதைப் பார்த்து, பீட்சாவுக்காகத்தான் இருந்தேன் என்ற பொருளில் அதே டேக்குடன் வேடிக்கையாக எழுதியது. கண்டனம் எழுந்தது. எதற்கான டேக் என்று படிக்காமல் எழுதிவிட்டோம் எனக் கூறி மன்னிப்புக் கேட்டது. எனவே எந்த டேக்கையும் பயன்படுத்தும் முன் தேடல் கட்டத்தில் டைப் செய்து, அதில் வந்துள்ள செய்திகளைப் பத்தாவது படித்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

எத்தனை டேக் வைக்கலாம்? முன்பு சிலர் படத்திற்குக் கீழே முப்பது டேக் வரிசையாக அடுக்கினார்கள். எனக்கு அது பஸ் ஸ்டாண்ட் சுவர் போலத் தோன்றியது. இன்ஸ்டாகிராமே 2021ல் மூன்று முதல் ஐந்து போதும் என்று ஆலோசனை கூறியது. உங்கள் கடையின் பெயர் ஒன்று, பொருளின் பெயர் ஒன்று, ஊரின் பெயர் ஒன்று என வையுங்கள். #உணவு என்ற பொதுவான டேக்கில் உங்கள் படம் சில நொடிகளில் புதைந்துவிடும். #மதுரைஊறுகாய் என்று தேடி வருபவர் குறைவுதான். ஆனால் அவர் வாங்க வருபவர்.

எல்லாம் சரியாக அமைத்தும் யாரும் வரவில்லையா? இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸ் பிரிவில் அக்கவுண்ட் பிரைவஸி சென்று பாருங்கள். பிரைவேட் அக்கவுண்ட் என்பது இயக்கப்பட்டிருந்தால், எந்த டேக் வைத்தாலும் உங்களைப் பின் தொடராதவர்களுக்கு அந்தப் படம் தெரியாது. அதனை நீக்கிவிட்டு, அடுத்த படத்தைப் பதிந்து பாருங்கள்.