பக்கத்து நாற்காலியில் ஏ.ஐ.: அலுவலக வேலை எப்படி மாறுகிறது?

உங்கள் வீட்டில் யாராவது கால் சென்டரிலோ, சாப்ட்வேர் நிறுவனத்திலோ, வங்கியிலோ வேலை பார்த்தால், அண்மைக் காலத்தில் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பீர்கள். "எங்கள் ஆபீசிலும் ஏ.ஐ. வந்துவிட்டது." சிலர் இதை மகிழ்ச்சியோடு சொல்கிறார்கள். சிலர் கலக்கத்தோடு சொல்கிறார்கள். உடனே அடுத்த கேள்வி வரும். "அப்போ வேலை போயிடுமா?"

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. ஆனால் இன்னொரு கேள்விக்கு ஓரளவு தெளிவான பதில் கிடைத்திருக்கிறது. வேலையில் இருப்பவரின் அன்றாடம் எப்படி மாறுகிறது என்பதே அந்தக் கேள்வி. இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். கடைசியில் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சிறிய பயிற்சியும் தந்துள்ளேன்.

முதலில் அடிப்படை

இன்று அலுவலகங்களில் பேசப்படும் ஏ.ஐ. பெரும்பாலும் மொழி மாதிரி என்ற வகையைச் சேர்ந்தது. 2022 நவம்பர் 30 அன்று வெளியான சாட்ஜிபிடி இந்த வகையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. இது எப்படி வேலை செய்கிறது? "காலையில் எழுந்ததும் பல்" என்று நான் நிறுத்தினால், "துலக்கினேன்" என்று நீங்கள் மனதிற்குள் முடித்துவிடுகிறீர்கள் அல்லவா? ஏறத்தாழ அதே வேலையைத்தான் இந்த புரோகிராமும் செய்கிறது. ஏராளமான எழுத்துக்களைப் படித்துப் பயிற்சி பெற்று, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றாக அடுக்கிக் கொண்டே போகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று, அலுவலக வேலையில் பெரும்பகுதி எழுத்துதான். கடிதம், அறிக்கை, புரோகிராம், வாடிக்கையாளருக்குப் பதில் எல்லாமே எழுத்து. எனவே இந்த மாற்றம் நேராக மேசைக்கே வந்து சேர்கிறது. இரண்டு, பொருத்தமாக எழுதுவது வேறு, சரியாக எழுதுவது வேறு. பொருத்தமான ஒரு வாக்கியம் தவறாகவும் இருக்கலாம்.

ஒரு கால் சென்டரில் நடந்தது

அமெரிக்காவின் சிறு நிறுவனங்களுக்கு சாப்ட்வேர் விற்கும் ஒரு கம்பெனி, வாடிக்கையாளர்களின் சந்தேகங்களுக்கு சாட் மூலம் பதில் சொல்ல ஆயிரக்கணக்கான ஊழியர்களை வைத்திருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டில் இருந்தனர். அங்கு ஒரு ஏ.ஐ. உதவியாளர் படிப்படியாகத் தரப்பட்டது. எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லி, லிண்ட்சி ரேமண்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள், 5,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதிவுகளை அலசினார்கள். ஆய்வு 2023ல் முதலில் வெளியாகி, 2025ல் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் முழு வடிவம் பெற்றது.

அந்த உதவியாளர் இயங்கும் முறை எளிமையானது. வாடிக்கையாளர் தன் பிரச்னையை டைப் செய்கிறார். ஊழியரின் திரையில், "இப்படிப் பதில் சொல்லலாம்" என்று ஒரு யோசனை தோன்றுகிறது. ஊழியர் அதை அப்படியே அனுப்பலாம், மாற்றி அனுப்பலாம், ஒதுக்கியும் விடலாம். வாடிக்கையாளரோடு பேசுவது மனிதர்தான்.

கிடைத்த முடிவுகளைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்படும் பிரச்னைகளின் எண்ணிக்கை சராசரியாக 15 சதவீதம் உயர்ந்தது. இந்த உயர்வு எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. அனுபவம் குறைந்தவர்களுக்கு வேகமும் கூடியது, தரமும் கூடியது. ஏ.ஐ. உதவியோடு இரண்டு மாதம் வேலை பார்த்தவர், உதவியின்றி ஆறு மாதத்திற்கு மேல் வேலை பார்த்தவருக்கு இணையாக நின்றார். ஆனால் மிகத் திறமையான மூத்தவர்களுக்கு வேகம் சற்றே கூடியது, தரம் சற்றுக் குறைந்தது.

ஊழியரின் அனுபவத்திலும் மாற்றம் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் முன்பைவிடப் பணிவாகப் பேசினார்கள். "உங்கள் மேனேஜரைக் கூப்பிடுங்கள்" என்று கேட்பது குறைந்தது. நாள் முழுவதும் திட்டு வாங்குபவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை, அந்த வேலை பார்த்தவர்கள் அறிவார்கள்.

யாருடைய திறமை அது?

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள். புதியவருக்கு மட்டும் ஏன் இவ்வளவு லாபம்? அந்த ஏ.ஐ.க்குப் பழைய உரையாடல்களைக் கொடுத்துப் பயிற்சி தந்தபோது, சிறந்த ஊழியர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதையும் அது கற்றுக் கொண்டது. எந்தச் சொல்லில் தொடங்கினால் வாடிக்கையாளர் சமாதானமாவார், எந்தக் கேள்வியை முதலில் கேட்டால் பிரச்னை பிடிபடும் என்று பல ஆண்டுகளில் அவர்கள் சேர்த்த அறிவு, இப்போது புதியவரின் திரையில் யோசனையாக வருகிறது.

அதாவது, மூத்தவரின் திறமை நகலெடுத்துப் பங்கிடப்படுகிறது. புதியவருக்கு நல்லது. நிறுவனத்துக்கும் நல்லது. மூத்தவருக்கு? மற்றவர்களைவிட அவர் எவ்வளவு மேல் என்பதை வைத்துத்தான் அவருக்குப் போனஸ் என்றால், அந்த இடைவெளி இப்போது சுருங்குகிறது. அவர் தந்த அறிவுக்கு விலை என்ன, அதை யார் தருவது என்ற கேள்வியை ஆய்வாளர்களே எழுப்பியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஏ.ஐ. பற்றிய விவாதங்களில் அதிகம் பேசப்பட வேண்டியதும், குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

வேகம் என்ற மாயை

எல்லா இடத்திலும் வேகம் கூடுகிறதா என்றால், இல்லை. மீட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு முடிவை வெளியிட்டது. அனுபவம் மிக்க 16 புரோகிராமர்கள், தாங்கள் பல ஆண்டுகளாகப் பழகிய புராஜெக்டுகளில் 246 வேலைகளைச் செய்தார்கள். சில வேலைகளில் ஏ.ஐ. உதவி பெறலாம், சிலவற்றில் கூடாது. ஏ.ஐ. இருந்தால் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று அவர்கள் முன்பே கணித்தார்கள். வேலை முடிந்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள். கடிகாரம் காட்டியது வேறு. ஏ.ஐ. பயன்படுத்திய வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆகியிருந்தது.

காரணம் புரியாததல்ல. கேள்வியை எழுத நேரம், பதிலுக்குக் காத்திருக்க நேரம், வந்ததைச் சரிபார்த்துத் திருத்த நேரம். இவை வேலை என்றே நமக்குத் தோன்றுவதில்லை. இது 2025 தொடக்கத்தில் இருந்த கருவிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு. கருவிகள் மாறிக் கொண்டே இருக்கின்றன. ஆனாலும், நாம் வேகமாகச் செய்கிறோம் என்ற உணர்வை மட்டும் நம்பக்கூடாது என்ற பாடம் பழையதாகப் போவதில்லை.

என் மேசையில் நடந்தது

நான் சாப்ட்வேர் எஞ்சினியராக வேலை பார்க்கிறேன். கடன் தவணை கணக்கிடும் புரோகிராம் ஒன்றில், அடுத்த தவணைத் தேதியைக் கண்டுபிடிக்கும் சிறு பகுதியை ஏ.ஐ.யிடம் எழுதச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் தந்தது. ஏப்ரல் 5 என்று கொடுத்துச் சோதித்தேன். மே 5 என்று வந்தது. சரி என்று சேர்த்துவிட்டேன்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண், அந்த வரிகளைப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அண்ணா, இது தேதியோட முப்பது நாள் கூட்டுது. மே மாசத்துக்கு முப்பத்தொரு நாள் ஆச்சே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மே 5ல் 30 நாள் கூட்டினால் ஜூன் 4. ஒரு நாள் முன்னதாகத் தவணை கேட்டு, கட்டாதவருக்கு அபராதமும் போட்டிருக்கும். ஏப்ரலுக்கு 30 நாள் என்பதால் என் சோதனையில் தவறு ஒளிந்து கொண்டது. நல்ல வேளையாக வாடிக்கையாளரிடம் போகும் முன்பே பிடிபட்டது.

தவறைவிட, அதன் பின் வந்த யோசனைதான் என்னை அதிகம் உறுத்தியது. நான் வேலையில் சேர்ந்தபோது, இது போன்ற சிறு பகுதிகளைத்தான் எனக்குத் தந்தார்கள். பிப்ரவரியில் மாட்டிக் கொண்டு, லீப் வருடத்தில் மாட்டிக் கொண்டு, அப்படித்தான் தேதிக் கணக்கைக் கற்றேன். இப்போது அந்தச் சிறு வேலையெல்லாம் ஏ.ஐ.க்குப் போகிறது. அப்படியென்றால் புதியவர்கள் எதைச் செய்து கற்பார்கள்? நாளைக்கு ஏ.ஐ.யின் தவறைப் பிடிக்கும் கண் யாருக்கு இருக்கும்?

எங்கள் குழுவில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். புதியவர் முதலில் தானே எழுத வேண்டும். பிறகு ஏ.ஐ. எழுதியதோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகிறது. அதைப் பயிற்சிச் செலவாக எடுத்துக் கொள்கிறோம்.

வேலை பார்ப்பவர்கள் கவனிக்க

1. அலுவலக ரகசியங்களை வெளி ஏ.ஐ. தளங்களில் ஒட்டாதீர்கள். ஊழியர்கள் சிலர் உள் புரோகிராம் வரிகளை அப்படிக் கொடுத்ததை அறிந்த சாம்சங் நிறுவனம், 2023 மே மாதம் அத்தகைய கருவிகளுக்குத் தடை போட்டது.

2. பெயர், தேதி, தொகை, சட்டப் பிரிவு ஆகியவற்றைச் சரிபார்க்காமல் அனுப்பாதீர்கள். சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டிய நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு, 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

3. ஏ.ஐ. உதவுவதோடு கண்காணிக்கவும் செய்யலாம். உங்கள் சாட், குரல், கேமரா பதிவுகள் எதற்குப் பயன்படுகின்றன என்று கேளுங்கள். ஊழியரின் முகம், குரல் ஆகியவற்றிலிருந்து உணர்ச்சியை ஊகிக்கும் ஏ.ஐ.யை ஐரோப்பிய யூனியன் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்துள்ளது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு மணி நேரம் போதும். ஒரு கடிகாரம், ஒரு தாள், இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டர் அல்லது மொபைல் வேண்டும்.

1. உங்களுக்கு நன்கு பழகிய ஒரு வேலையை எடுங்கள். பள்ளிக்கு விடுப்புக் கடிதம், குடியிருப்போர் சங்க அறிவிப்பு என எதுவும் சரி. நீங்களே எழுதி, நேரத்தைக் குறியுங்கள்.

2. அதே போன்ற இன்னொரு வேலையை ஏ.ஐ. உதவியோடு செய்யுங்கள். எது வேகமாக முடிந்தது என்ற உங்கள் ஊகத்தை முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு கடிகாரக் கணக்கைப் பாருங்கள். கேள்வி எழுதியது, திருத்தியது எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும்.

3. இப்போது உங்கள் ஊரைப் பற்றி ஐந்து கேள்விகள் கேளுங்கள். பஸ் வழித்தடம், கோயில் திருவிழா, பழைய தியேட்டர் இப்படி. தவறுகளை வட்டமிடுங்கள்.

4. அதே கேள்விகளை, நீங்கள் போகாத ஓர் ஊரைப் பற்றிக் கேளுங்கள். எங்கே வட்டமிடுவீர்கள்? பதிலின் தொனி இரண்டு ஊர்களுக்கும் ஒரே மாதிரி உறுதியாக இருக்கும். உங்கள் ஊரில் தவறைக் காட்டிக் கொடுத்தது, உங்கள் தலைக்குள் ஏற்கெனவே இருந்த அறிவு.

நான்காவது படியைத் தவறாமல் செய்யுங்கள். குறிப்பாக, வேலை தேடிக் கொண்டிருக்கும் தம்பி தங்கைகள். பக்கத்து நாற்காலியில் ஏ.ஐ. உட்காரட்டும், உதவியும் செய்யட்டும். ஆனால் அது சொல்வது சரியா தவறா என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் எந்த அலுவலகமும் இனித் தேடும். அந்த அறிவைக் கையால் செய்து பார்த்துத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.