தண்டலம் வட்டாரத்தில் சைக்கிள் சுற்றுலா

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் வழியில் இருக்கிறது தண்டலம். வெளியூர்க்காரர்களுக்கு அது பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் இருக்கும் பஸ் நிறுத்தம், அவ்வளவுதான். சைக்கிளில் ஊர் பார்க்க நினைப்பவருக்கோ அது நல்ல நடுவிடம். ஒரு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி, மறுபக்கம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பேட்டை, மேற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து தெற்கே திரும்பினால் வல்லக்கோட்டையும் ஒரகடமும். தரை முழுக்கச் சமம். மேம்பாலங்களைத் தவிர ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆகவே தொடைவலுவைப் பற்றிய கவலை வேண்டாம். கவலைப்பட வேண்டியது லாரியையும் வெயிலையும் முள்ளையும் பற்றித்தான்.

இங்கே எந்த வழியில் போவது என்பதற்கு முன்னால் எந்த நேரத்தில் போவது என்று முடிவு செய்ய வேண்டும். பெரிய ஆலைகள் பெரும்பாலும் ஷிஃப்ட் முறையில் ஓடுபவை. விடியற்காலை, பிற்பகல் இரண்டு மணி, இரவு பத்து மணி ஆகியவற்றை ஒட்டி ஆள் மாறும்போது கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நேரத்துக்குள் கேட்டுக்குள் நுழைந்தாக வேண்டிய டிரைவர், சாலையின் இடது ஓரத்தில் ஒருவர் மிதித்துக்கொண்டு போவதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது ஓய்ந்ததும் கல்லூரி பஸ்களின் முறை. வார நாளில் விடிந்ததும் நெடுஞ்சாலையில் இறங்குவது இதனால்தான் உசிதமில்லை. பனியும் குளிர்ச்சியும் இருக்கும் அந்த நேரத்தை ஏரிப் பக்கத்துக் கிராமச் சாலைகளுக்கு வைத்துக்கொண்டு, ஆலைச் சாலைகளை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போடுவதே அனுபவப்பட்டவர்கள் செய்வது.

நெடுஞ்சாலையில் போயே ஆக வேண்டுமென்றால் சர்வீஸ் ரோடுதான் கதி. அங்கேயும் எதிர்த்திசையில் வரும் பைக்குகள் உண்டு என்பதால் கண் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். மேம்பாலம் வந்தால் ஏறாமல் கீழ்வழியே போவது நல்லது. பாலத்தின் மேல் ஓரத்தில் ஒதுங்க இடமிருக்காது. கன்டெய்னர் லாரி கடக்கும்போது அதன் காற்று முதலில் சைக்கிளை வெளியே தள்ளும், லாரியின் பின்பகுதி கடந்ததும் உள்ளே இழுக்கும். புதியவர்கள் தடுமாறுவது இந்த இரண்டாவது இழுப்பில்தான். ஹேண்டில்பாரை இறுக்காமல், நேர்கோட்டை விடாமல் மிதித்தால் போதும்.

லாரி விஷயத்தில் இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிப்காட் நுழைவாயில்களில் நீள டிரெய்லர்கள் இடப்பக்கம் திரும்பும்போது, முன்பகுதி முதலில் வலது பக்கம் அகன்று போகும். பார்ப்பவருக்கு இடது ஓரம் காலியாகக் கிடப்பதாகத் தோன்றும். சைக்கிளை உள்ளே விடத் தோன்றும். ஆனால் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் வருவதில்லை. வளைவின் உட்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். அந்தக் காலியிடம் சில விநாடிகளில் மூடிக்கொள்ளும். கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இடம் கண்ணாடியிலும் சரியாகத் தெரியாது. டிரெய்லர் திரும்புகிறதா நேரே போகிறதா என்று உறுதியாகும்வரை பின்னால் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. சாலையோரம் நிறுத்தியிருக்கும் கார் கேரியரைச் சுற்றிப் போகும்போதும் அதே நிதானம் வேண்டும். அதன் மறைவிலிருந்து ஆள் இறங்கலாம், பைக் வெளிப்படலாம். சென்டர் மீடியன் இடைவெளியில் சாலையைக் கடக்கும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பார்க்கத் தகுந்த இடங்களில் முதலில் ஏரி. செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரிகளில் முக்கியமானது. 3,645 மில்லியன் கன அடி நீர் கொள்ளும், முழு ஆழம் 24 அடி. இதன் உபரிநீர்தான் அடையாற்றில் போகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதன் நீர்மட்டம் சென்னைவாசிகள் செய்தியில் தினமும் தேடும் எண்ணாகிவிட்டது. கரை கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரைமேல் போக விடுவதும் விடாததும் நீர்வளத் துறையின் கையில்; ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும் சமயம் கண்டிப்பு கூடும். காவலில் இருப்பவரைக் கேட்டுவிட்டு ஏறுவதே மரியாதை. தண்டலம் பக்கத்து மேற்கு ஓரத்தில் கரை கிடையாது. கோடையில் தண்ணீர் பின்வாங்கியதும் மாடு மேய்ப்பவர்களின் தடம் ஏரிக்குள்ளேயே நீளும். மேலே வெடித்து உலர்ந்தாற்போல் தெரியும் களிமண், அரை அடி கீழே கூழாக இருக்கும். டயரின் பாதி அதில் இறங்கிவிட்டால் சைக்கிளைத் தூக்கித்தான் வர வேண்டும்.

ஏரியைச் சுற்றித் தென்கிழக்கே போனால் சேக்கிழாரின் ஊரான குன்றத்தூர். குன்றின் மேல் முருகன் கோயிலிலிருந்து ஏரியின் பரப்பு ஓரளவு கண்ணுக்குப் பிடிபடும். வடக்கே திரும்பினால் பூவிருந்தவல்லி, திருமழிசை. திருமழிசை ஆழ்வார் அவதரித்த ஊர் ஒன்று, திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் மற்றொன்று. நம்பிகள் பூவிருந்தவல்லியிலிருந்து காஞ்சி வரதருக்கு விசிறி வீசும் ஆலவட்டக் கைங்கரியம் செய்ய நடந்தே போய்வந்ததாகவும், வழியில் ஸ்ரீபெரும்புதூரில் இளம் ராமானுஜர் அவரைப் பார்த்துப் பழகியதாகவும் வைணவ குருபரம்பரை சொல்கிறது. சிப்காட் பலகைகளை மறந்துவிட்டுப் பார்த்தால், தண்டலம் வழியாக மேற்கே மிதிப்பவர் போவது ஏறக்குறைய அதே காஞ்சி வழிதான். காரில் போகிறவருக்கு இது தோன்றாது. ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம் காலில் உறைத்தால்தான் அந்த நடையின் அளவு புரியும்.

ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாள் கோயில். 1017-இல் பிறந்த ராமானுஜரின் சன்னதிதான் இங்கே பிரதானம். அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் ‘தானுகந்த திருமேனி’ உற்சவர் இங்கிருக்கிறார். சித்திரைத் திருவாதிரையை ஒட்டிய உற்சவ நாட்களில் மாட வீதிகளில் சைக்கிளைத் தள்ளக்கூட இடமிருக்காது. மற்ற நாட்களில் நடுப்பகல் நடைசாத்துவதற்குள் போய்ச்சேர வேண்டும். வெயிலில் மிதித்து வந்து மூடிய கதவைப் பார்ப்பதைப் போல எரிச்சல் வேறில்லை. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம், 1991 மே 21-ஆம் தேதி ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் நினைவிடம் இருக்கிறது. அங்கே பையும் கேமராவும் குறைவாக இருந்தால் சோதனை சீக்கிரம் முடியும்.

தெற்கே ஒரகடம் போகும் சாலை அகலமானது, நிழல் குறைந்தது. வழியில் வல்லக்கோட்டை முருகன் கோயில். சுமார் ஏழடி உயர மூலவர், அருணகிரிநாதர் பாடிய தலம். ஒரகடத்துப் பக்கம் ரெனோ, ராயல் என்ஃபீல்டு, டெய்ம்லர் என்று பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம், உள்ளே போக முடியாது. கேட்டுக்கு எதிரே நின்று படமெடுத்தால் செக்யூரிட்டி விசில் அடிப்பார். அவர் வேலை அது. இதே ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. கார் செய்யும் இடத்துக்கு அருகிலேயே கல்லை உடைத்துக் கருவி செய்தவர்களும் இருந்திருக்கிறார்கள் என்பது இந்தச் சாலையின் ரசமான விஷயம். பார்ப்பதற்கு அங்கே காட்சிக்கூடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி முள். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம் எங்கும் சீமைக் கருவேலம். விறகுக்கு வெட்டி இழுத்துப்போன தடத்தில் அதன் முள் சிதறிக் கிடக்கும்; டயரில் ஏறி முனை உள்ளே முறிந்து நின்றுவிடும். நெடுஞ்சாலை ஓரத்தில் வேறொரு எதிரி உண்டு. வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிர்ந்த கம்பி இழைகள், முடியைவிடச் சற்றே தடிமனாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. டியூபை மாற்றி மாட்டிய பத்தாவது நிமிடம் மறுபடியும் காற்று இறங்கினால் காரணம் இதுதான். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்ததும், அதே இடத்துக்கு நேரே டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். துணியால் தடவுவது இன்னும் நல்லது. இழை துணியில் மாட்டும், விரலும் கிழியாது. நகவெட்டியின் சிறு இடுக்கியோ புருவம் எடுக்கும் இடுக்கியோ பையில் இருந்தால் பெரிய உதவி.

நெடுஞ்சாலையில் பஞ்சர் கடைகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவை லாரிக்கும் பைக்குக்குமானவை. கம்ப்ரசரில் காற்றடிக்கக் கொடுத்தால் மெல்லிய சைக்கிள் டியூப் ஒரே மூச்சில் வெடிக்கலாம். ‘அண்ணா, கொஞ்சம் கொஞ்சமா விடுங்க’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். விலையுயர்ந்த சைக்கிளில் வரும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கு அங்கே பம்பு பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றும் கைப்பம்பும் இருந்தால் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. சக்கரக் கோட்டம் எடுக்க, செயின் மாற்ற, நிஜமான சைக்கிள் கடை வேண்டும். அவை ஊருக்குள்ளே, பெரும்பாலும் அரசுப் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும். அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள்கள்தான் அந்தக் கடைகளை வாழவைக்கின்றன. மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் கொடுத்த காலம் போய்விட்டது. சைக்கிள் இல்லாமல் வருபவர் இதே கடைகளில் கேட்டால் பழைய சைக்கிள் விலைக்குக் கிடைக்கும். ஷிஃப்டுக்குப் போகும் வடமாநிலத் தொழிலாளர்களும் அப்படித்தான் வாங்குகிறார்கள். இரவில் அவர்கள் பின்விளக்கு இல்லாமல் வருவது வழக்கம் என்பதால், இருட்டியபின் மிதிப்பவர் தன்னுடைய விளக்கை மட்டும் நம்பக்கூடாது.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் பத்து மணிக்குமேல் சாலையில் இருக்கக்கூடாது. காற்றைப் பற்றித்தான் பலரும் யோசிப்பதில்லை. ஆனி, ஆடியில் காலையிலேயே மேல்காற்று பிடித்துக்கொள்ளும். அப்போது தண்டலத்திலிருந்து மேற்கே போவது எதிர்காற்றில்; களைப்பில்லாத காலை நேரத்தில் அதைச் சமாளித்துவிட்டால் திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். ஐப்பசி மழையில் சாலைப் பள்ளங்கள் தண்ணீரில் மூடிக்கொள்ளும். எந்தத் தாழ்வான இடத்திலும் இறங்குவதற்கு முன் டீக்கடையில் ‘தண்ணி நிக்குதாண்ணா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். வழி கேட்கும்போது தெருப் பெயர் உதவாது, கம்பெனிப் பெயரும் கோயில் பெயரும்தான் அடையாளம். ‘இதோ கிட்டத்துலதான்’ என்ற பதிலை மூன்று கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். தாகத்துக்குக் கூழ் வண்டியைவிட நல்லது இல்லை. கம்மங்கூழில் மோரும் உப்பும் இருப்பதால் வியர்வையில் போனது திரும்ப வரும். இளநீர் மட்டும் குடித்துக்கொண்டே போனால் உப்புப் போதாமல் காலில் குரக்களி பிடிக்கலாம்.

லாரி பயமில்லாமல் மிதிக்கச் சாலையையே விட்டுக்கொடுக்கும் ஊர்களும் உண்டு. கொலம்பியாவின் தலைநகரான பொகோடாவில் 1974-இல் தொடங்கி, ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் காலை 7 முதல் பிற்பகல் 2 மணிவரை முக்கியச் சாலைகளை மோட்டார் வண்டிகளுக்கு அடைத்துவிடுகிறார்கள். சிக்லோவியா என்று பெயர். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலை சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் கிடைக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் என்பதால் புதிதாகப் போகிறவருக்கு மூச்சு வாங்குமே தவிர, பயம் இருக்காது. தண்டலத்தில் யாரும் சாலையை அடைத்துத் தரப்போவதில்லை. ஆனால் பொங்கலை ஒட்டி ஆலைகள் மூடும் இரண்டு மூன்று நாள், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம்வரை சாலைகள் ஏறக்குறைய அந்த நிலைக்கு வந்துவிடுகின்றன. கம்பெனி பஸ் கிடையாது, டிரெய்லர்கள் ஓரங்கட்டி நிற்கும், தை மாதத்து இளவெயில் வேறு. முதன்முறை வருபவருக்கு இதைவிடத் தோதான நாட்கள் இல்லை.

ஆயுத பூஜையும் விடுமுறைதான் என்று அதே நம்பிக்கையில் கிளம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூஜை முடிந்ததும் ஒவ்வொரு கேட்டின் முன்னும், லாரி ஷெட்டின் முன்னும் குங்குமம் தடவிய பூசணிக்காயைச் சாலையில் உடைப்பார்கள். அந்தச் சதைமேல் முன்சக்கரம் ஏறினால் பிரேக் பிடித்தாலும் வழுக்கும், பிடிக்காவிட்டாலும் வழுக்கும். தூரத்தில் சிவப்பாகத் தெரிந்ததுமே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல் தள்ளிப் போக வேண்டும். லாரிகள் ஏறி மிதித்து அது காய்ந்து போக இரண்டு நாளாவது ஆகும்.