நுண்ணூசியும் வயிற்றுக் கட்டியும்

ஊசி குத்தினால் கட்டி பரவும் என்றஞ்சிச் சோதனைக்கு உடன்படாதார் உளர். அவ்வாறு பரவுதல் மிக அரிது. கட்டியின் இனம் அறியப்படாமையே பெருங்கேடு.

கணையத்தில், ஹார்மோன் சுரக்கும் உயிரணுக்களினின்று எழுவது நரம்பு-நாளமில்லாக் கட்டி. கணையத்தின் பொதுவான புற்றைக் காட்டிலும் இது பெரும்பாலும் மெதுவாக வளரும்; சிகிச்சையும் வேறு.

ஒலியலைப் படத்தின் துணையால் மெல்லிய ஊசியைச் செலுத்தி, உயிரணுக்களை உறிஞ்சியெடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்குவர். இவ்வினத்தில், உட்கருவில் உப்பும் மிளகும் தூவினாற்போன்ற புள்ளிகள் தென்படும். குரோமோகிரானின், சினாப்டோஃபைசின் என்னும் புரதங்களும் காணப்படின் இனம் உறுதிப்படும். பெருகும் உயிரணுக்களைக் காட்டும் கேஐ-67 குறியீடு 3 விழுக்காட்டிற்குக் குறையின் முதல் தரம். 20-ஐ மிஞ்சின் மூன்றாம் தரம்.

பெங்களூருவில் 1973-இல் நிறுவப்பெற்ற கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களுக்கு நோயாளியை அனுப்புமுன், களப்பணியாளர் அவருடைய ஊசியச்சத்தை நீக்குவாராக.