ஈரக் காற்றில் மயில்கழுத்து நிறம்

ஆழ்ந்த நீலமும் பச்சையும் கலந்த நிறத்தை வண்ண அட்டைகள் 'டார்க் டீல்' என்கின்றன. பட்டுப்புடவைக் கடையில் நாம் அதையே மயில்கழுத்து என்போம். 'டீல்' என்பது கிளுவை என்னும் சிறு வாத்தின் ஆங்கிலப் பெயர். ஆண் கிளுவையின் கண்ணைத் தழுவிச் செல்லும் பச்சைப் பட்டையை வைத்தே நிறம் அப்பெயர் பெற்றது. அந்தமானுக்கே உரிய கிளுவை இனம் ஒன்றும் உண்டு. அதன் உடல் பழுப்பு. ஆகவே இப்பெருமையில் அதற்குப் பங்கில்லை.

தெற்கு அந்தமானின் பெரார்கஞ்சில் வீட்டுக் கூடத்திற்கு இந்நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் சுவரின் ஈரத்தை அறிய வேண்டும். இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சுவரினுள் ஊறிய நீர், செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. வெள்ளைச் சுவரில் இந்த உப்புப் பூத்தல் எளிதில் புலப்படாது. மயில்கழுத்துச் சுவரிலோ சுண்ணாம்பைத் தெளித்தாற்போல் தெரியும். செலவழித்த பணம் ஒரே மழைக்காலத்தில் வீணாவது இவ்வாறுதான்.

சோதனை எளிது. ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளிகள் நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது: கூரை, குழாய், வெளிச்சுவர் விரிசல் ஆகியவற்றைச் சீர்செய்யாமல் வண்ணம் பூசுவது பயன்தராது. வெளிப்புறம் நனைந்திருந்தால் குறை அறையின் காற்றோட்டத்தில் உள்ளது. மழை ஓய்ந்திருக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான காலமே பூச்சு வேலைக்கு ஏற்றது. புதிய சிமெண்டுப் பூச்சாயின் குறைந்தது 28 நாள்களாவது ஆறவிட வேண்டும்.

அடர்நிறம் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். மேகமூட்டமான நாள்கள் மிகுந்த ஊரில் நான்கு சுவர்களுக்கும் அதைப் பூசினால் பகலிலேயே விளக்கேற்ற நேரும். ஒரு சுவர் போதும். அது சன்னலுக்கு எதிர்ச்சுவராக இருக்கட்டும். சன்னல் உள்ள சுவர், வெளியொளியின் கூச்சத்தில் வெறும் கறுப்பாகவே தோன்றும். மற்ற மூன்றும் தந்த வெண்மையாகலாம். வீட்டில் படாக் மரச் சாமான்கள் இருப்பின் அவற்றின் செம்பழுப்பு இந்நிறத்தருகே வெகுவாக எடுபடும். இதற்கு ஈடாக வேறு அலங்காரம் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து.

இனி அளவு. 12 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள சுவரின் பரப்பு 120 சதுர அடி. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர், இரு பூச்சுகளுக்கு ஏறக்குறைய இவ்வளவு பரப்பை மூடும். அடர்நிறத்திற்கு மூன்றாம் பூச்சும் தேவைப்படலாம் என்பதால் ஒன்றரை லிட்டர் எனக் கணக்கிடுக. பிரைமரில் சிறிது சாம்பல் நிறம் சேர்த்தால் மூன்றாம் பூச்சு மிச்சமாகவும் கூடும். முழுவதையும் ஒரே தடவையில் கலக்கச் செய்து வாங்குங்கள். மறுமுறை கலக்கும் வண்ணம் சிறிதேனும் வேறுபடும்.

ஒரு சுவர் வண்ணத்திற்காகக் கடன் பெற வேண்டியதில்லை. ஜூனில் ஆறு மாதத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கினால், டிசம்பரில் முதிரும் தொகை ஜனவரி வேலைக்குக் கைகொடுக்கும். கூரை ஒழுக்கைச் சீர்செய்வதே பெருஞ்செலவானால், வீட்டுச் சீரமைப்புக் கடன் பற்றி உங்கள் கிளையில் மழைக்கு முன்பே கேட்டறியுங்கள்.