ஸ்மார்ட் போனில் ரேடியோ ஏன் கேட்பதில்லை?
கடற்கரை வணிகர்கள் அறிய வேண்டிய செய்தி



மளிகைக் கடைக்கும் ரேடியோவுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. நாம் சிறு வயதில் கடையில் பொட்டலம் மடித்த காலத்தில் இராமநாதபுரம், பாம்பன், இராமேஸ்வரம் கடைவீதிகளில் அலமாரியின் மேல்தட்டில் ஒரு ரேடியோ இருக்கும். இலங்கை வானொலியின் பாட்டைக் கேட்டுக்கொண்டே சரக்கு நிறுப்போம். வானிலை அறிக்கை வந்தால் மட்டும் வாடிக்கையாளரும் நாமும் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்போம். இன்று ரேடியோ இருந்த இடத்தில் ஸ்மார்ட் போன் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான ஸ்மார்ட் போன்களில் எஃப்.எம். ரேடியோ இல்லை, இருந்தாலும் சரிவரக் கேட்பதில்லை. இதற்குக் காரணம் என்ன, இதனால் நமக்கு என்ன நஷ்டம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நமது அனுபவம்

2020 டிசம்பரில் புரெவிப் புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. 3ஆம் தேதி இராமேஸ்வரத்துக்கு அனுப்ப வேண்டிய 40 மூட்டை சர்க்கரையும் மைதாவும் நமது குடோன் வாசலில் வண்டியில் ஏற்றித் தயாராக இருந்தன. அன்று மாலை மின்சாரம் போயிற்று. இரவில் செல்போன் சிக்னலும் போயிற்று. நம்மிடமும் நமது மகனிடமும் இருந்த விலை உயர்ந்த இரண்டு போன்களும் டார்ச் லைட்டாக மட்டுமே பயன்பட்டன.

மறுநாள் காலை மழை சற்று விட்டது. "புயல் போய்விட்டது அப்பா, வண்டியை விடலாம்" என்றான் மகன். கடைக்காரர்கள் சரக்கை எதிர்பார்த்திருப்பார்களே என்ற எண்ணம் நமக்கும் இருந்தது. அந்த நேரத்தில் நமது டிரைவர் தமது பழைய பட்டன் போனில் இயர்போனைச் செருகி ரேடியோச் செய்தி கேட்டுவிட்டு வந்து, "முதலாளி, புயல் வலு குறைஞ்சிருச்சாம், ஆனா நகரலையாம். நம்ம கரையோரமே நிக்குதாம். மழை இன்னும் இருக்காம்" என்றார். உடனே மூட்டைகளை இறக்கிப் பலகையின் மேல் அடுக்கினோம். பிறகு பெய்த மழையில் அந்த வண்டி பாம்பன் பாலத்தின் மேல் நின்றிருந்தால், எந்தத் தார்ப்பாயும் சரக்கைக் காத்திருக்காது. நனைந்த சர்க்கரையும் மைதாவும் என்ன விலைக்குப் போகும் என்பது நம் வணிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலிவான ஒரு பட்டன் போன் அன்று நமது முதலைக் காப்பாற்றியது.

ஆன்டெனாவின் கணக்கு

எஃப்.எம். ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் நடக்கிறது. இந்த அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். இதை நன்றாக வாங்குவதற்கு அதில் கால் பங்கு, அதாவது சுமார் 75 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆன்டெனா வேண்டும். ஆனால் 1800 மெகாஹெர்ட்ஸில் வரும் செல்போன் அலைக்கு 4 சென்டிமீட்டர் போதும். அது போனுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவேதான் இயர்போனின் வயரையே எஃப்.எம். ஆன்டெனாவாகப் பயன்படுத்தினார்கள். வயர் செருகாவிட்டால் ரேடியோ கேட்காததற்கு இதுவே காரணம். சில பட்டன் போன்களில் உள்ளேயே சிறு ஆன்டெனா வைத்து வயர் இல்லாமலும் கேட்க வழி செய்திருக்கிறார்கள். ஆனால் நிலையம் தொலைவில் இருந்தால் அதில் இரைச்சல் அதிகமாக இருக்கும்.

2016இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7இல் இயர்போன் துளையை எடுத்துவிட்டது. பிற நிறுவனங்கள் பலவும் அதைப் பின்பற்றின. துளை போனதும் வயர் போயிற்று. வயர் போனதும் ஆன்டெனா போயிற்று. புளூடூத் இயர்போனில் வயர் இல்லாததால் அது ஆன்டெனா ஆகாது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்நாளில் நாம் கேட்ட இலங்கை வானொலி மத்திய அலையில் வந்தது. அதன் அலை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுடையது. எஃப்.எம். உள்ள போனிலும் அது கேட்காது. எஃப்.எம். அலையோ ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. ஆகவே ஒலிபரப்பும் கோபுரம் உயரமாக இருக்க இருக்கத் தூரம் கூடும். இராமேஸ்வரத்தில் தூர்தர்ஷன் கோபுரத்தை 1000 அடிக்கு மேல் கட்டியதும் இந்தத் தத்துவத்தால்தான்.

சிப் உண்டு, இணைப்பு இல்லை

வை-ஃபை, புளூடூத் வேலைகளைச் செய்யும் சிப்பிலேயே எஃப்.எம். வாங்கும் பகுதியும் சேர்ந்து வரும் போன்கள் பல உண்டு. ஆனால் அதிலிருந்து ஆன்டெனாவுக்கு இணைப்பு கொடுப்பதில்லை. அல்லது அதை இயக்கும் மென்பொருளைப் போடுவதில்லை. குடோனில் சரக்கு இருக்கிறது, கதவுதான் வைக்கவில்லை என்பது போன்ற நிலை இது. எல்லாப் போனிலும் இப்படி என்று சொல்ல முடியாது. 2017இல் அமெரிக்காவில் அடுத்தடுத்துப் புயல்கள் தாக்கியபோது, ஐபோனில் எஃப்.எம். வசதியைத் திறந்துவிட வேண்டும் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் தலைவர் கேட்டார். ஐபோன் 7, 8 ஆகியவற்றில் எஃப்.எம். சிப்பும் இல்லை, அதற்கான ஆன்டெனாவும் இல்லை என்று ஆப்பிள் பதில் சொன்னது.

யாருக்கு லாபம்?

எஃப்.எம். கேட்பதற்கு டேட்டா செலவாகாது. இன்டர்நெட் வழியே பாட்டுக் கேட்டால்தான் டேட்டா விற்பனையாகும். விளம்பரமும் சந்தாவும் கிடைக்கும். ஆகவே எஃப்.எம். இருந்தால் போன் செய்பவருக்கோ நெட்வொர்க் நடத்துபவருக்கோ தனி வருமானம் இல்லை. நார்வே நாடு 2017இல் தேசிய எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தி டிஜிட்டல் ரேடியோவுக்கு மாறியது. உலகம் முழுவதற்கும் ஒரே போனைச் செய்து விற்கும் நிறுவனம் பாம்பன் கடைக்காரரை நினைத்தா போன் செய்யும்?

இருப்பினும் எல்லாப் பழியையும் நிறுவனங்கள் மேல் போடுவது நியாயமாகாது. நாமும் வணிகர்கள். கேட்பாரில்லாத சரக்கை நாம் வாங்கி வைப்பதுண்டா? மண்ணெண்ணெய் விளக்குக் கண்ணாடி கேட்பார் குறைந்ததும் நாம் அதை நிறுத்திவிட்டோம். புயல் இரவில் நாலு பேர் வந்து கேட்டபோது இல்லை என்று கைவிரித்தோம். போன் வாங்கும்போது கேமரா எப்படி, பேட்டரி எப்படி என்று கேட்கிறோம். எஃப்.எம். உண்டா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

டவர் சாய்ந்தால்

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை நம் பகுதி மறக்காது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து, டெல்டா மாவட்டங்களில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் இல்லாமல் தவித்தன. டவர் என்பது மின்சாரத்தை நம்பியது. அதிலுள்ள பேட்டரி சில மணி நேரமே தாங்கும். அரசு செல்போனுக்கு அனுப்பும் அபாய எச்சரிக்கையும் அந்த டவர் வழியேதான் வர வேண்டும். தொலைவில் இயங்கும் ஒரு ரேடியோ நிலையமோ, அலை எட்டும் தூரம் வரை எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் சேதி சொல்லும்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு, பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். 2016 முதல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' சமுதாய வானொலி 90.4 எஃப்.எம்.மில் ஒலிக்கத் தொடங்கியது. இத்தகைய நிலையம் சிறு சக்தியுள்ளது. சில கிலோமீட்டர் தூரமே எட்டும். ஆனால் நம் ஊர் காற்றையும் கடலையும் நம் பேச்சில் சொல்லும். நம் கடைகளில் கடனுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள் இந்த மீனவர்களே. அவர்கள் கரை திரும்பினால்தான் நமது பேரேடும் நேராகும்.

மத்திய அரசும் இதை உணர்ந்தது. போனில் உள்ள எஃப்.எம். வசதியை முடக்கக் கூடாது, இல்லாவிட்டால் சேர்க்க வேண்டும் என்று மின்னணு அமைச்சகம் 2023இல் தயாரிப்பாளர் சங்கங்களுக்கு எழுதியது. ஆனால் அது அறிவுரையே, கட்டாயச் சட்டமல்ல.

நாம் செய்ய வேண்டியவை

1. போன் வாங்கும்போது எஃப்.எம். உண்டா என்று கேளுங்கள். 'செயலியில் கேட்கலாம்' என்பது பதிலல்ல. போனை ஃபிளைட் மோடில் வைத்து, வை-ஃபையை அணைத்து, வயர் இயர்போனைச் செருகிப் பாருங்கள். அப்போதும் நிலையம் கேட்டால் அது உண்மையான எஃப்.எம். நின்றுபோனால் அது இன்டர்நெட் ரேடியோவாக இருக்கலாம்.

2. இயர்போன் துளை இல்லாத போனாக இருந்தால், டைப்-சி வயரில் எஃப்.எம். கேட்கிறதா என்பதையும் கடையிலேயே சோதித்து வாங்குங்கள்.

3. கடையில் பேட்டரியில் இயங்கும் சிறு ரேடியோ ஒன்றும், உபரி பேட்டரியும் வையுங்கள். மத்திய அலையும் எஃப்.எம்.மும் உள்ளதாக இருந்தால் நல்லது. ஐப்பசி பிறக்கும் முன்பே அதைச் சோதித்துவிடுங்கள்.

4. செல்போன் விற்கும் நம் சங்க உறுப்பினர்கள், எஃப்.எம். உள்ள போன் எது, இல்லாதது எது என்பதை வாடிக்கையாளரிடம் உள்ளபடி சொல்லுங்கள். கேட்பவர் பெருகினால் மொத்த வியாபாரியும் தயாரிப்பாளரும் தாமே வழிக்கு வருவார்கள்.

நமது டிரைவர் அந்தப் பட்டன் போனை இன்றும் மாற்றவில்லை. நாம் ஒரு சிறிய ரேடியோ வாங்கிக் கல்லாவுக்கு மேலே, பழைய ரேடியோ இருந்த அதே தட்டில் வைத்திருக்கிறோம். வானிலை அறிக்கை நேரத்தில் கடைக்கு வருகிறவர்கள் மறுபடியும் பேச்சை நிறுத்திக் காது கொடுக்கிறார்கள்.