நடப்போருக்கும் ஒரு பாதை

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இடத்தில் அமைந்த ஊர் இருக்கன்குடி. சாத்தூரிலிருந்து கிழக்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்குள்ள மாரியம்மன் கோவிலை அறியாதவர் நம் தென்மாவட்டங்களில் இல்லை எனலாம். ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று அங்கே லட்சக்கணக்கான மக்கள் கூடுகின்றனர். அவர்களுள் பலர் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து நடந்தே வருகின்றனர். காலில் செருப்பு இராது. பகலில் தார் சுடும். ஆதலால் இரவில் நடக்கின்றனர்.

திருவிழாக் காலத்தில் மட்டுமா மக்கள் சாலையில் நடக்கின்றனர்? ஆண்டு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளும், தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் தாய்மார்களும், பால்காரரும், ஆடு மேய்ப்போரும் நம் பகுதிச் சாலைகளில் நடந்தும் மிதிவண்டியிலும் செல்கின்றனர். அதே சாலையில்தான் பேருந்தும் லாரியும் ஆலை வேனும் விரைகின்றன. இவர்கள் அனைவருக்கும் ஒரே தார்ச்சாலை போதுமா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கணக்கு கூறும் உண்மை

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்ட ஓட்டுநரின் கால் பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறையத் தொடங்கும் முன்பே வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். அதன் பின்னும் அது உடனே நிற்பதில்லை. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். ஆகவே 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து நிற்பதற்கு வேண்டிய தூரத்தைப்போல நான்கு மடங்கு தூரம் 60 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டும். இருட்டில், விளக்கின் வெளிச்சம் விழும் தூரத்திற்குள் வண்டியை நிறுத்த நல்ல ஓட்டுநராலும் இயலாமற் போகலாம்.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். வண்டியே இல்லாதவர் வண்டியால் மாள்வது எத்தனை கொடுமை!

கரிசல் மண்ணின் இயல்பு

"சாலையோரம்தான் இருக்கிறதே, அதில் நடந்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நம் பகுதி கரிசல் பூமி. பருத்திக்கும் கம்புக்கும் உகந்த இம்மண் மழையில் நீரை உறிஞ்சி உப்பும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். மழைக்காலத்தில் கால் வைத்தால் செருப்பு சேற்றோடு ஒட்டிக்கொள்ளும். மிதிவண்டிச் சக்கரம் சுற்றாது. கோடையில் வெடிப்பில் கால் இடறும். போதாக்குறைக்கு ஓரமெங்கும் சீமைக்கருவேல முள். தார் விளிம்போ மண்ணைவிட உயர்ந்து நிற்கும். அதிலிருந்து சக்கரம் சறுக்கினால் விழவேண்டியதுதான். ஆகவே நடப்போரும் மிதிவண்டியில் வருவோரும் விரும்பித் தார்ச்சாலையில் ஏறுவதில்லை; வேறு வழியின்றி ஏறுகின்றனர். சாலையோரம் வேறு, பாதை வேறு என்பதை நாம் உணர வேண்டும்.

மிதிவண்டியும் பெண் கல்வியும்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகக் கிராமப் பெண்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பீகார் மாநிலத்தில் 2006-இல் மாணவியருக்கு மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கிய பின், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை மிகவும் உயர்ந்தது. பள்ளி தொலைவிலிருந்த ஊர்களில்தான் பயன் அதிகம் என ஆய்வாளர் கண்டனர்.

நம் மாநிலத்திலும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கப்படுகிறது. ஆனால் சாலையைக் கண்டு அஞ்சும் பெற்றோர், "நீ சைக்கிளில் போக வேண்டாம்" என்று தடுத்துவிட்டால் அந்த மிதிவண்டி திண்ணையில்தான் நிற்கும். பேருந்து வராத நாளில் படிப்பும் உடன் நிற்கும். பெற்றோரின் அச்சத்தை நாம் குறை கூற இயலாது. அச்சத்திற்குக் காரணமானதையே நீக்க வேண்டும்.

பிற இடங்களில் செய்தவை

இது நடவாத காரியமன்று. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்போருக்கு நடைபாதை உண்டு. திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையிலும் பாதயாத்திரை செல்வோருக்கென நடைபாதை அமைக்கப்பட்டுள்ளது. இன்று மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்து நாட்டிலும் 1971-இல் சாலையில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் வீதியில் இறங்கிக் குரல் கொடுத்தனர். அதன் பிறகே அங்கு மிதிவண்டிக்குத் தனிப் பாதைகள் பெருகின. நம் உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதத்தில், தடையற்ற நடைபாதை மக்களின் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று கூறியுள்ளது.

பாதை எவ்வாறு அமைய வேண்டும்?

1. தார்ச்சாலைக்கும் பாதைக்கும் இடைவெளியோ தடுப்போ இருத்தல் வேண்டும். வெள்ளைக் கோடு மட்டும் லாரியைத் தடுக்காது.

2. கரிசல் மண்ணை அகற்றி, சரளை கொட்டி உயர்த்தி, அருகே வடிகால் வெட்ட வேண்டும்.

3. நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைக் குழுமத்தின் நெறி. மிதிவண்டிக்கு அதனுடன் தனி இடம் வேண்டும்.

4. பாலம் வந்ததும் பாதை முடிந்துவிடலாகாது. பாலத்தில்தான் ஒதுங்க இடமில்லை.

5. பள்ளி, பேருந்து நிறுத்தம் ஆகிய இடங்களில் வேகத்தடையும் விளக்கும் வேண்டும்.

6. வேம்பும் புங்கமும் நட்டால் வெறுங்காலுடன் நடப்போர்க்கு நிழலாகும்.

நாம் செய்யக் கூடியவை

பாதை அமைந்த பின் அதைக் காப்பது நம் கடமை. அதில் கம்பும் மக்காச்சோளமும் காயப்போடுவதும், கடை விரிப்பதும், வண்டி நிறுத்துவதும் ஆகா. பாதை இல்லாத இடங்களில், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலப்புறம் ஒருவர் பின் ஒருவராக நடப்போம். மிதிவண்டியிலோ இடப்புறம் செல்வோம். இரவில் வெளிர்நிற ஆடையும் ஒளிரும் பட்டையும் அணிவோம். இருக்கன்குடிக்கு நடப்போர்க்கும் வேளாங்கண்ணிக்கு நடப்போர்க்கும் இது பொருந்தும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. அங்கே நம் ஊர்ச் சாலைக்குப் பாதை வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவாருங்கள். தோழியரே, எந்தப் பாலத்தில் ஒதுங்க இடமில்லை, எந்த வளைவை முட்செடி மறைக்கிறது என்பதை நாள்தோறும் அவ்வழியே வரும் நாமே நன்கு அறிவோம். அவற்றைக் குறித்துப் பெற்றோரிடம் கொடுப்போம். சாலை போடுவோர் வண்டிகளை எண்ணுவர். நடந்து வரும் நம்மையும் சேர்த்து எண்ணும்படி செய்வோம்.

பத்தாம் வகுப்பு மாணவி